காற்று நிற்காத வீடு

காற்றுக்காரர் என்றதும் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படி நினைத்தவர்களை அவர் திருத்தியதுமில்லை, மன்னித்ததுமில்லை.

அவருக்கு வேலை பெரிய வண்டிகளில். பஸ், லாரி, வீட்டு வண்டி இவற்றிலெல்லாம் என்ஜினை ஒட்டி ஒரு கம்ப்ரஸர் இருக்கும். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, வண்டியின் வயிற்றில் தொங்கும் டேங்குகளில் அடைத்து வைக்கும். பிரேக், கதவு, வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகள் எல்லாம் அந்தக் காற்றைத் தின்றுதான் வேலை செய்யும். கம்ப்ரஸரிலிருந்து கடைசிச் சக்கரம் வரை ஓடும் நைலான் குழாய்களையும், அவற்றைக் கோக்கும் பித்தளை இணைப்புகளையும், இடையில் உட்கார்ந்திருக்கும் வால்வுகளையும் கட்டிக் காப்பது அவர் பிழைப்பு. அதாவது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாக, யாருக்கும் தெரியாமல் போய்விடாமல் பார்த்துக்கொள்வது. கல்யாணத்துக்கு முன்னால் இந்த விளக்கத்தைக் கேட்ட மாமனார், பையனுக்குத் துறவறத்தில் நாட்டம் போலிருக்கிறது என்று கவலைப்பட்டாராம்.

அவர் அதிகம் பேசமாட்டார். பேசியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டார். முதல் குணத்தால் அவர் மனைவிக்கு நிம்மதி, இரண்டாவதால் அவதி. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்ததால் குடும்பம் நடந்தது.

வேலை பார்த்த பஸ் டிப்போவை மூடியபோது, ஏலத்துக்கு வந்த நெடுந்தூர பஸ் ஒன்றை அவர் வாங்கினார். இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டுப் பின்பக்கம் கட்டில், நடுவில் அடுப்பும் மேஜையும், ஓரமாக ஒரு குளியலறை என்று அதை வீடாக்கினார். வேலை இருக்கிற இடத்துக்கு வீடே போகும் என்பது அவர் வாதம். வீடு இருக்கிற இடத்தில் வேலை கிடைக்காதா என்பது மனைவியின் கேள்வி. கேள்வி வாயை விட்டு வருவதற்குள் சொந்த வீடு விற்றாகிவிட்டது. பார்த்தவர்கள் வண்டியைக் கேரவன் என்றார்கள். கேரவன் என்பது வேறு ஒரு வண்டி இழுத்துப் போகவேண்டிய பெட்டி, என் வண்டிக்குச் சொந்தக் கால் இருக்கிறது என்று அவர் முகம் சொல்லும். வாய் சொல்லாது.

வீடு விற்ற செய்தியைச் சொல்ல இருவரும் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். அக்கா கணவனை இழந்தவள், பிள்ளைகள் இல்லை, நாக்கு மட்டும் குறைவில்லாமல் இருந்தது. வாசலை மறித்து நின்றுகொண்டு கேட்டாள்: “சக்கரத்துமேல குடும்பம் நடத்துறவருக்கு என் வாசல்ல என்ன வேலை? நாளைக்கு என் தங்கச்சியையும் எங்கயாவது ஸ்டெப்னி மாதிரி மாட்டிட்டு மறந்துட்டுப் போயிடுவாரு.”

காற்றுக்காரர் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “இனிமே உங்க வாசல்ல என் கால் படாதுங்க” என்றார்.

மரியாதை குறையாமல்தான் சொன்னார். அதுதான் தொல்லையாகப் போயிற்று. கோபத்தில் சொன்னதைக் கோபம் தணிந்தபின் திரும்பப் பெறலாம். மரியாதையாகச் சொன்னதை என்ன செய்வது? அக்காவின் பெயரே பிறகு அந்த வண்டியில் ஒலிக்கவில்லை. தங்கை மட்டும் எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வருவாள். போனேன் என்று சொல்லமாட்டாள், போகவில்லை என்றும் சொல்லமாட்டாள்.

அவர் வாயிலிருந்து வந்து சட்டமாகிவிட்ட வாக்கியங்களில் இன்னொன்றும் உண்டு. அதற்குக் காற்றின் குணத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

காற்றை அழுத்தினால் தண்ணீர் வரும். நம்ப முடியாவிட்டாலும் உண்மை. வெளிக்காற்றின் ஈரமெல்லாம் டேங்கின் அடியில் நீராகத் தங்கும். விட்டால் வால்வுகள் துருப்பிடிக்கும், குளிரில் உறைந்தால் பிரேக்கே பிடிக்காது. ஆகவே ஒவ்வொரு டேங்குக்கும் அடியில் அந்த நீரை வடித்துவிட ஒரு வடிவால்வு உண்டு. காற்றுக்காரர் தன் வண்டியிலிருந்த மூன்று டேங்குகளின் வடிவால்வுகளிலும் கயிறு கட்டி, மூன்று கயிறுகளையும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டிருந்தார். தினமும் சாயங்காலம் அவற்றை இழுப்பது மனைவியின் வேலை. இழுத்தால் முதலில் துப்பும், பிறகு சீறும். துப்பல் நின்று வெறும் சீறல் வந்ததும் விட்டுவிட வேண்டும். வாசல் கூட்டுகிற மாதிரி அவள் அதைச் செய்தாள்.

இன்னொரு குணம். நிற்கிற வண்டியைக் காற்றுதான் பிடித்து வைத்திருக்கிறது என்று ஊர் நினைக்கிறது. நேர்மாறு. சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருப்பது ஒரு முரட்டு ஸ்பிரிங். அதோடு மல்லுக்கட்டி, அதை விலக்கி, சக்கரத்தைப் போகவிடுவதுதான் காற்று. காற்றுப் போன வண்டி எங்கும் ஓடிப்போகாது, இருந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எங்காவது ஓர் இணைப்பு ஒழுகினால் ராத்திரியில் டேங்க் காலியாகிவிடும். காலையில் என்ஜினைப் போட்டால் சில நிமிடத்தில் மறுபடி நிரம்பும். பெரும்பாலான டிரைவர்கள் அப்படித்தான் நிரப்பிக்கொண்டு கிளம்புவார்கள். காற்றுக்காரர் விடமாட்டார். “ராத்திரி நிக்காத காத்தை நம்பிக் காலையில வண்டி எடுக்கக் கூடாது.” இதுதான் அந்தச் சட்டம். இதைச் சொல்லி அவர் திருப்பி அனுப்பிய டிரைவர்கள் அவரைத் திட்டாத மொழியில்லை.

ஒரு வேலையாக அவர்கள் வந்து தங்கிய நகரத்தில்தான் அக்காவும் இருந்தாள். ஊரின் ஓரத்தில் வீட்டு வண்டிகள் நிறுத்தும் மைதானம். சிமென்டுத் தரை, ஆளுக்கொரு தண்ணீர்க் குழாய், மின்சாரப் பெட்டி, கோடியில் பொதுக் குளியலறையும் துணி துவைக்கும் அறையும். லாரிக் கொட்டகையில் வேலை முடிந்துவிட்டது. அடுத்த ஊர்ப் பணிமனையில் பஸ்கள் வருடாந்தரச் சோதனைக்குக் காத்திருந்தன. அவரும், கூட்டாளியான டயர்க்காரரும் ஒன்றாகக் கிளம்புவதாகப் பேச்சு.

கிளம்புவதற்கு இருந்த நேரத்தில் மனைவிக்குப் போன் வந்தது. அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண். அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, இனி வைத்தியம் என்று எதுவும் இல்லை, எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது.

அவள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு, துவைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் அக்கா பாதியாகப் படுத்திருந்தாள். மீதிப் பாதி எங்கே போயிற்று என்று கேட்கும்படி இருந்தது. “நாளைக்கு ஊருக்குப் போறேன்க்கா” என்று சொல்லத்தான் போயிருந்தாள். சொல்லவில்லை.

ஏன் கணவரிடம் கேட்கக் கூடாது? பயமில்லை. அவர் கை ஓங்குகிறவரோ குரல் உயர்த்துகிறவரோ அல்ல. அவரை அவள் நன்றாக அறிந்திருந்தாள், அவ்வளவுதான். கேட்டால் பழைய வாக்கியம் குறுக்கே வந்து நிற்கும். அதை மீறத் தெரியாமல் அவர் “கிளம்பணும்” என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அப்புறம் அவரே நினைத்தாலும் மாற்றிக்கொள்ள முடியாது. கேட்காத வரைக்கும் அவர் மறுக்கவில்லை. அந்த ஒரு சௌகரியத்தை அவருக்கு விட்டுவைக்க விரும்பினாள்.

ஆகவே ஒரு வாக்கியத்தை இன்னொரு வாக்கியத்தால் மடக்கினாள். அன்று சாயங்காலம் அவர் பொதுக் குளியலறைக்குப் போனதும் மூன்று கயிறுகளையும் இழுத்தாள். துப்பியது, சீறியது. விடவில்லை. சீறல் முனகலாகி, முனகலும் ஓயும்வரை பிடித்திருந்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சமைக்கப் போனாள்.

காலையில் காற்றுக்காரர் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். எதிரே டேங்குக்கு ஒன்றாகக் காற்றின் அழுத்தம் காட்டும் மூன்று முள். மூன்றாவதை அவரே பொருத்தியிருந்தார். மூன்று முள்ளும் ஒன்றாகப் படுத்திருந்தன.

அந்த மூன்று டேங்குகளுக்கும் இடையில் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. ஒரு டேங்க் ஒழுகினால் மற்றவை காலியாகக் கூடாது என்பதற்காகவே வைத்தவை. ஒரு முள் படுக்கலாம், துரதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. மூன்றையும் ஒரே ராத்திரியில், அதுவும் அடிமட்டம்வரை காலி செய்யும் ஓட்டை அவர் படித்த எந்த இயற்பியலிலும் இல்லை. அது ஓட்டை இல்லை. கை.

அவர் திரும்பிப் பார்த்தார். மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மேஜைமேல் நேற்றுத் துவைக்கப்போன துணி மடித்து வைத்திருந்தது. மேலே இருந்த அவருடைய சட்டையில் கிரீஸ் கறை போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. ஆஸ்பத்திரிப் பினாயில் வாசனை புதிதாகச் சேர்ந்திருந்தது.

அவர் அந்தச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். “எங்கயோ ஒழுகுது” என்றார். “சோப்புத் தண்ணி கொஞ்சம் கலக்கிக் கொடு.”

ஒழுக்கு கண்டுபிடிக்கும் முறை எளிது. டேங்கை நிரப்பி, என்ஜினை நிறுத்தி, இணைப்பு இணைப்பாகச் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவ வேண்டும். குமிழி வருகிற இடம் ஓட்டை. அவர் கம்ப்ரஸரிலிருந்து தொடங்கினார். இல்லாத ஒன்றைத் தேடுவதில் அவர் காட்டிய நிதானம், இருக்கிறதைத் தேடும்போதுகூடக் காட்டியதில்லை. மனைவி பக்கத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த நேரமும் அவர் வடிவால்வுப் பக்கம் வந்துவிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் வரவேயில்லை.

பகல் முழுவதும் முள் அசையாமல் நின்றது. சாயங்காலம் குளிக்கப் போனார். காலையில் படுத்திருந்தது. இப்படியே நாட்கள் போயின.

டயர்க்காரர் பொறுமையிழந்து வந்து சேர்ந்தார். காற்றுக்காரரைவிட வயதில் சின்னவர், உடம்பிலும் குரலிலும் பெரியவர்.

“என்னண்ணே, காத்துக்காரர் வீட்டுலயே காத்து இல்லையாமே. வெளியில சொன்னா சிரிப்பாங்க.”

“சொல்லாத.”

“சொல்லிட்டேனே. கொட்டகை முழுக்கச் சிரிச்சாச்சு.” அவர் படியில் உட்கார்ந்தார். “காலையில என்ஜினைப் போடுங்க. நம்ம டீ குடிக்கிறதுக்குள்ள ரொம்பிடும். போய்க்கிட்டே இருப்போம்.”

“எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் நான்?”

“அது ஊரான் வண்டி. இது நம்ம வண்டி.”

“அதனாலதான்.”

“அப்ப நான் ஒரு தடவை கீழ போய்ப் பார்க்கிறேன். புதுக் கண்ணுக்கு மாட்டும்.”

உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்த மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுத்தாள். டயர்க்காரர் மேலுக்குத்தான் விளையாட்டு. அந்த மூன்று முள்ளை ஒரு காலை பார்த்தாலோ, ஈரம் காயாத வடிவால்வுகளை ஒரு முறை தொட்டாலோ, அவர் வாய் சும்மா இருக்காது. மைதானத்தின் மறுகோடிவரை கேட்கும்.

ஆனால் அவர் அவ்வளவு தூரம் போகவில்லை. சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு அடியில் நுழைந்தவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கூப்பாடு போட்டார். “இந்தா இருக்கு. குமிழி கொப்பளிக்குது பாருங்க. குழாயைக் கோணலா வெட்டிச் சொருகியிருக்கு. எந்த மடையன்ணே வெட்டினான்?”

நைலான் குழாயை இணைப்பில் சொருகுவதற்கு முன் நேராக வெட்ட வேண்டும். கோணலாக வெட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் விடும். தொழிலில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் இது.

“நான்தான்” என்றார் காற்றுக்காரர்.

டயர்க்காரர் வண்டிக்கு அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்தார். சிரிப்பதற்குத் தயாராக இருந்த முகம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. இந்த மனிதர் குழாய் வெட்டிய இடத்தைப் பார்த்து அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று பேர். “பரவால்லண்ணே” என்றார் தணிந்த குரலில். “கண்ணு டாக்டரை ஒரு தடவை பார்த்துடுங்க. நம்ம வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்.” புதிதாக ஒரு துண்டு வெட்டி, சொருகி, இழுத்துப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டார். பரிதாபப்பட்டுக்கொண்டே டீ குடித்தார். காற்றுக்காரர் தொழிலில் சம்பாதித்தவற்றில் இந்தப் பரிதாபம் புதிது. அதையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாளும் முள் படுத்திருந்தது. பாதுகாப்பு வால்வே போய்விட்டது, வெளியூரிலிருந்து வரவேண்டும், நீ முன்னால் போ என்று காற்றுக்காரர் சொல்லிவிட்டார். டயர்க்காரர் தலையை ஆட்டிக்கொண்டே தனியாகக் கிளம்பினார்.

குப்பையைக் கட்டும்போது அந்தக் கோணல் துண்டு மனைவியின் கையில் அகப்பட்டது. அவருக்குக் குழாய் வெட்டிக் கொடுத்துப் பழகிய கை அவளுடையது. நேராக வெட்டுவதற்கென்றே ஒரு கத்திரி இருக்கிறது. அதில் கோணலாக வெட்டவேண்டுமென்றால் அதற்கென்று முயற்சி செய்ய வேண்டும். அவள் அதை விரலில் உருட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றாள். வெளியே அவர் கம்ப்ரஸர் பக்கம் குனிந்து மறுபடி சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தார். கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வந்துவிடும். அவள் துண்டைக் குப்பையோடு கட்டிப்போட்டாள். சாயங்காலம் வழக்கம்போல மூன்று கயிறுகளையும் இழுத்தாள்.

“இன்னும் போகலையா நீ?” என்று தினமும் அக்கா கேட்பாள்.

“வண்டியில காத்து நிக்கலக்கா.”

“அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான். அதுவும் போச்சா?”

“அக்கா.”

“சரி, சொல்லல. யாரையாவது திட்டினாத்தான் இந்த ஆஸ்பத்திரிச் சாப்பாடு செரிக்குது. நர்ஸைத் திட்டினா ஊசியை ஆழமாக் குத்துறா. உன் புருஷன்னா தூரத்துல இருக்காரு, வசதி.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: “நீ இங்க வர்றது அவருக்குத் தெரியுமா?”

தங்கை போர்வையைச் சரிசெய்தாள்.

“தெரியாதுன்னு சொல்லு, இல்ல தெரியும்னு சொல்லு. என்னடி பொழப்பு இது?”

“தெரியலக்கா.”

அன்றைக்கு டாக்டர் தங்கையைத் தனியே அழைத்தார். இங்கே செய்ய இனி ஒன்றுமில்லை, கட்டிலுக்கு வேறு ஆள் காத்திருக்கிறார்கள், நாளை வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார். தன்மையாகத்தான் சொன்னார். வீடு என்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. உள்ளே தனியாக ஒரு கட்டில், கீழே தெருவில் தெரிந்தவர் என்று ஒரு பக்கத்து வீட்டுப் பெண்.

அவள் மைதானத்துக்குத் திரும்பியபோது காற்றுக்காரர் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. துணிக்கூடையை இறக்கி வைத்தாள். கயிறுகள் இனி உதவாது. இத்தனை நாள் வண்டி நகரக் கூடாது என்று பார்த்துக்கொண்டவளுக்கு இப்போது அது நகர வேண்டும். அதற்கு வாயைத் திறந்து கேட்டே ஆகவேண்டும்.

“என்னங்க” என்றாள் அந்தக் கால்களைப் பார்த்து.

“ம்.”

“ஒண்ணு சொல்லணும்.”

ஏதோ ஒரு மரை திருகும் சத்தம் நின்றது.

“எப்ப விடுறாங்களாம்?” என்று அடியிலிருந்து கேட்டது குரல்.

“யாரை?”

“உங்க அக்காவை.”

அவள் படியைப் பிடித்துக்கொண்டாள். “நாளைக்குக் காலையில.”

“அவங்க வீடு எத்தனாவது மாடி?”

“மூணாவது.”

“கட்டில் மெத்தையை வெயில்ல போடு. அவங்களுக்குப் பின்கட்டு. நம்ம முன்னால படுத்துக்கலாம்.” திரும்பவும் மரை திருகும் சத்தம். பிறகு, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், “இன்னைக்குத் தண்ணியை மட்டும் வடி. போதும்” என்றார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தாலும் அந்தக் கால்கள் பார்த்திருக்க முடியாது. உள்ளே போய் மெத்தையை உருட்டினாள். சாயங்காலம் துப்பல் நின்று சீறல் வந்ததும் கயிறுகளை விட்டாள்.

காலையில் மூன்று முள்ளும் நின்றன. சட்டப்படி வண்டி கிளம்பியது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை ஓரங்கட்டியபோது ஒரு சங்கடம் தெரிந்தது. பஸ்ஸின் படி உயரம். அக்கா சக்கர நாற்காலியில் இருந்தாள். காற்றுக்காரர் முன்பக்கக் காற்றுப் பைகளின் வால்வைத் திறந்தார். பெரிய சீறலோடு வண்டி முன்பக்கமாகத் தணிந்து, படி நடைபாதையைத் தொடுகிற அளவுக்கு வந்தது.

“என்ன சத்தம் அது?” என்றாள் அக்கா.

“காத்தை இறக்குறேங்க” என்றார் காற்றுக்காரர். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“நான் ஏறத்தானே வந்திருக்கேன். நீங்க எதுக்கு இறக்குறீங்க?”

“நீங்க ஏறணும்னா அது இறங்கணும்.”

“நல்ல கணக்கு” என்றாள். ஒரு பலகையைப் போட்டு, அவரும் ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவரும் நாற்காலியைத் தள்ளி ஏற்றினார்கள். அவள் வாசலில் அவர் கால் படவில்லை. அவர் வாசலுக்கு அவள் வந்துவிட்டாள். அவர் சொன்ன வாக்கு சொன்னபடியே இருந்தது. சொல்லப்போனால், உலகத்தில் பெரும்பாலான பிடிவாதங்களுக்கு இப்படி ஒரு பலகை போதும். போடுவதற்கு ஆள் வேண்டும்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், வாடகைக்கு எடுக்க வந்தவள் மாதிரி. “இவ்வளவு சின்ன இடத்துல எப்படிடி சண்டை போடுறீங்க?”

“இடமில்லாததாலதான் போடுறதில்ல.”

“அதான் உடம்பு இப்படி இளைச்சுப் போயிருக்க.”

மன்னிப்பு என்ற சரக்கு இரு பக்கமும் கையிருப்பில் இல்லை. யாரும் கேட்கவுமில்லை. வண்டி மைதானத்துக்கே திரும்பியது. பின்கட்டுக் கட்டிலில் படுத்த சற்று நேரத்தில் அக்காவுக்கு மூச்சு முட்டியது. தலைப்பக்கம் உயர்ந்திருந்தால் தேவலை என்றாள். தலையணைகள் நழுவின. கட்டில், தலை முன்பக்கமாக இருக்கும்படி போட்டது. காற்றுக்காரர் வெளியே போய், முன்பக்கப் பைகளுக்குக் காற்று ஏற்றி, பின்பக்கத்தில் கொஞ்சம் இறக்கினார். வீடு முழுவதும் சாய்ந்தது. அக்காவின் தலை உயர்ந்தது, மூச்சு சீராயிற்று. அடுப்பு மேடையிலிருந்த பாத்திரம் மெல்ல நகர்ந்து மேடையின் பின்கோடிவரை போயிற்று. தங்கை ஈரத்துணியை மடித்துப் பாத்திரங்களுக்கு அடியில் வைத்தாள். சாய்ந்த வீட்டில் நடக்க இருவரும் பழகிக்கொண்டார்கள்.

“தம்பி, தலைமாடு இறங்குது” என்று அடுத்த நாள் அக்காவின் குரல் கேட்டது.

உண்மைதான். முன்பக்க வலது பையில் இப்போது நிஜமாகவே ஓர் ஒழுக்கு. காற்றுக்காரர் சோப்புத் தண்ணீரோடு கீழே போனார். மனைவி ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் திரும்பி வந்தார். இணைப்பின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டார். இத்தனை நாள் சோப்புத் தண்ணீரோடு அவர் செய்ததற்கும் இன்று செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மனைவி பார்த்தாள். டீயைச் சூடாக இருக்கும்போதே நீட்டினாள்.

டயர்க்காரர் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வால்வு வந்ததா, வரவில்லையா. பணிமனையில் வேறு ஓர் ஆளை வைத்துப் பாதி பஸ்களை முடித்துவிட்டார்களாம். அந்த ஆள் சுமார்தான், ஆனால் சொந்த வண்டியில் காற்று நிற்கிறது என்று கிண்டலாம். “கிண்டல் பண்ணிட்டுப் போறாங்க” என்பார் காற்றுக்காரர்.

அக்காவின் பேச்சு குறைந்துகொண்டு வந்தது. திட்டுவது முதலில் நின்றது. அதைக் கண்டுதான் தங்கைக்குப் பயம் வந்தது. ஒரு மதியம் அவள் துவைக்கும் அறைக்குப் போயிருந்தாள். இந்த முறை உண்மையிலேயே துணியோடு. காற்றுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வண்டியில் யாரோ ரேடியோவைத் தணித்தார்கள்.

“தம்பி.”

“சொல்லுங்கக்கா.”

“உங்க வேலை கெட்டுப்போச்சு இல்ல, என்னால?”

“இல்ல.”

“பொய் சொல்லவும் வருமா உங்களுக்கு?” கண்ணை மூடியபடி கேட்டாள். “வண்டியில இப்ப காத்து நிக்குதா?”

“நிக்குது.”

“அப்புறம் ஏன் போகல?”

அவர் யோசித்தார். இதற்குப் பதில் சொல்லக் குழாய், வால்வு, ரப்பர் வளையம் எதுவும் இல்லை. “நீங்க இருக்கீங்க” என்றார்.

அக்கா தலையை லேசாக அசைத்தாள். சரி என்றா, தெரியும் என்றா, அவருக்கு விளங்கவில்லை. கட்டிலின் விளிம்பிலிருந்த அவர் கையின்மேல் அவள் கை வந்து விழுந்தது. எடை ஏதும் இல்லாத கை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தங்கை ஈரத்துணிகளோடு திரும்பி வந்து படியில் ஏறியபோது அவர் எழுந்திருக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பினார். கூடையை அவள் கீழே வைக்கவேயில்லை, இடுப்போடு அணைத்தபடியே கட்டில்வரை நடந்து வந்தாள்.

அடக்கமெல்லாம் முடிந்து அவர்கள் மைதானத்துக்குத் திரும்பினார்கள். வண்டி இன்னும் சாய்ந்துதான் நின்றது. சமப்படுத்த அவரும் போகவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் சாய்ந்த மேஜையில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. டயர்க்காரர். குரல் வழக்கம்போல வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்டது.

“அண்ணே, இன்னும் நாலு பஸ் பாக்கி. அந்த ஆளைத் துரத்திட்டாங்க. நீங்க வந்தாத்தான் ஆகும்கிறாங்க. எப்ப வர்றீங்க?”

“கொஞ்ச நாள் ஆகும்.”

“இன்னும் ஒழுகுதா?”

“இல்ல. நிக்குது.”

“பின்ன என்னண்ணே?”

காற்றுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீட்டுல ஒரு சாவு” என்றார்.

மறுபக்கம் குரல் சட்டென்று தணிந்தது. “ஐயையோ. யாருண்ணே?”

“எங்க அக்கா.”

மனைவி திரும்பினாள். காற்றுக்காரர் வீட்டில் அவர் ஒரே பிள்ளை என்பது டயர்க்காரருக்கு நன்றாகத் தெரியும். பாதி வாழ்க்கை ஒரே கொட்டகையில் கழித்தவர்கள். கேள்வி ஒன்று வரத்தான் இருந்தது. போனின் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பணிமனைச் சத்தம் மட்டும் கேட்டது.

“சரிண்ணே” என்றார் டயர்க்காரர். “பஸ் எங்க போகுது, நிக்கட்டும். நீங்க மெதுவா வாங்க.”